திண்ணைக்கு என்ன ரேட்டு?

பாண்டிச்சேரி போறேன்னு சொன்னதுமே ஹாஸ்டல்ல எல்லாரும் ஒரு மாதிரி சிரிச்சாங்க. ரூம்மேட் ஒருத்தன் பையைத் திறந்து காட்டி, ‘‘வரும்போது நம்மளை மறந்துடாத மச்சி’’ன்னு கண்ணடிச்சான். அந்த மேட்டருக்கும் இந்தக் கட்டுரைக்கும் சம்பந்தம் இல்லை மக்களே... நான் போனது இட்லி சாப்பிட!

என் கிளாஸ்மேட் ஒருத்தன் பாண்டிக்காரன். (2006-ல் ‘புதுச்சேரி’ன்னு பேரை மாத்தியாச்சு. ஆனா, ஊர்க்காரங்க வாயில இன்னும் பாண்டிதான்.) அவனோட ஆயா முப்பது வருஷத்துக்கு மேல வீட்டுத் திண்ணையில இட்லிக் கடை போடுறாங்க. ‘‘வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்கடா. கடைசியா ஒரு தடவை வந்து சாப்பிட்டுட்டுப் போ’’ன்னு கூப்பிட்டான். சனிக்கிழமை சாயங்காலம் கோயம்பேட்டுல பஸ் ஏறி, ஈ.சி.ஆர். ரோட்டுல தூங்கி வழிஞ்சு, ராத்திரி போய்ச் சேர்ந்தேன்.

காலையில ஆறு மணிக்கெல்லாம் திண்ணையில ஆவி பறக்குது. எவர்சில்வர் குண்டான், வாழை இலைத் துண்டு, தேங்காய் சட்னி, காரச் சட்னி. ஆயா என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, ‘‘இன்ஜினீயரிங் படிக்கிற புள்ளைக்கு உடம்புல ஒண்ணும் இல்லியே... நாலு வெச்சுக்க கண்ணு’’ன்னு ஆறு வெச்சாங்க. கணக்கு அப்பவே தப்பு!

பாண்டியோட மேப் தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன கிளாஸ். பழைய ஊருக்கு நடுவுல வடக்கு தெற்கா ஓடுது பெரிய வாய்க்கால். அதுக்குக் கிழக்கே, கடலை ஒட்டி இருக்கிறது ‘ஒயிட் டவுன்’. பிரெஞ்சுக்காரங்க வாழ்ந்த ஏரியா. துய்மா வீதி, ரோமன் ரோலண்ட் வீதின்னு போர்டு இருக்கும். உயரமான காம்பவுண்டு சுவர், பெரிய கேட், உள்ளே தோட்டம், கடுகு மஞ்சள் பெயின்ட்... இன்ஸ்டாகிராம்ல நீங்க பார்த்தது முழுக்க இந்தப் பக்கம்தான். வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் வீதிகள். அங்கே தெருவை ஒட்டி வரிசையா மரத்தூண், தூண் மேல நாட்டு ஓடு வேய்ந்த தாழ்வாரம், அதுக்குக் கீழே திண்ணை. கிழக்கே இருக்கிற வீடு சுவரைப் போட்டுத் தெருவை மறைக்கும். மேற்கே இருக்கிற வீடு தெருவுல போறவனை உட்காரச் சொல்லும். பாரதியார் 1908-லிருந்து பத்து வருஷம் இந்த ஊர்ல இருந்தாரே... அவர் வாழ்ந்த வீடும் மேற்கேதான், ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில.

ஆயா வீடும் அப்படி ஒரு சின்ன வீதியிலதான். வாடகை வீடு. தாத்தா ரோடியர் மில்லுல வேலை பார்த்தப்போ குடி வந்தது. 1898-ல் ஆரம்பிச்ச மில் அது. ஏ.எஃப்.டி.ன்னு பேப்பர்ல வரும், ஊர்ல ‘ரோடியர் மில்’தான். ‘‘அந்தப் பக்கம் இருந்தப்போ, மில்லு சங்கு ஊதுறதுக்குள்ள முதல் ஈடு எடுத்துடணும்னு பழக்கம். இங்க வந்தும் அந்த நேரத்துக்குத்தான் முழிப்பு வரும்’’ங்கிறாங்க ஆயா. மில் நொடிச்சு, 2011 டிசம்பர்ல வந்த தானே புயல்ல அடி வாங்கி, 2020-ல் ஒரேயடியா மூடிட்டாங்க. தாத்தா அதுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டார். ஆயாவுக்கு முழிப்பு மட்டும் இன்னும் அதே நேரத்துக்கு வருது.

‘‘அப்பல்லாம் இந்த ஊரு எப்படி இருக்கும் ஆயா?’’

‘‘எப்படி இருக்கும்... தூங்கும்! ராத்திரி ஏழு மணிக்கு மேல கடற்கரைப் பக்கம் ஆளே இருக்காது. பாதி வீடு பூட்டிக் கிடக்கும். சொந்தக்காரங்க எல்லாம் பிரான்சுக்குப் போயிட்டாங்க. சுவர்ல அரசமரம் மொளச்சிருக்கும். எவனும் சீந்த மாட்டான். நாங்கதான் கிடந்தோம்.’’

இது முக்கியமான பாயின்ட் பாஸ். 1954-ல் பிரெஞ்சுக்காரங்க நிர்வாகத்தை ஒப்படைச்சாங்க. 1962-ல் சட்டப்படி கைமாறினப்போ, விருப்பப்பட்டவங்க பிரெஞ்சுக் குடிமக்களாவே இருந்துக்கலாம்னு வாய்ப்புக் கொடுத்தாங்க. சில ஆயிரம் பேர் அப்படி இருந்துட்டாங்க. பிரெஞ்சு ராணுவத்துல இருந்து பென்ஷன் வாங்குற ‘சொல்தா’க்கள், பாரீஸ்ல செட்டிலான பிள்ளைகள்னு ஊர்ல பல குடும்பத்துக்கு ஒரு கால் இங்கே, ஒரு கால் அங்கே. வீடு மட்டும் பூட்டு தொங்க இங்கேயே நின்னுச்சு. அந்தக் காலத்துல குறைஞ்ச வாடகைக்குக் குடியிருந்து, தெருவுக்குத் தண்ணி தெளிச்சுக் கோலம் போட்டு, ஊரை ஊரா வெச்சிருந்தது ஆயா மாதிரி ஆளுங்கதான்.

அப்புறம் ஈ.சி.ஆர். ரோடு சரியாச்சு. சென்னையிலிருந்து மூணு, மூணரை மணி நேரம். ஐ.டி. கம்பெனிகளுக்கு ரெண்டு நாள் லீவு. பெங்களூருல இருந்து வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பினா சனிக்கிழமை விடியலுக்கு இங்கே கடல். வரி கம்மிங்கிறதால சரக்கு விலையும் கம்மி (சரி சரி, சம்பந்தம் கொஞ்சம் இருக்குன்னு ஒத்துக்குறேன்). ஆங் லீயோட ‘லைஃப் ஆஃப் பை’ படம் 2012-ல் வந்து இந்த வீதிகளை உலகத்துக்கே காட்டுச்சு. இப்போ கையில ஒரு போன் இருந்தா யார் வேணும்னாலும் ரூம் புக் பண்ணலாம். சீந்தாத வீட்டுக்கெல்லாம் திடீர்னு மாப்பிள்ளை வந்தாச்சு!

முதல்ல வாய்க்காலுக்குக் கிழக்கே மட்டும்தான். அங்கே இடம் இல்லாமப் போனதும் மேற்கே தாண்டிட்டாங்க. ஃப்ரெண்டும் நானும் ஆயா வீதியில ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு நடந்தோம். கெஸ்ட் ஹவுஸ், கெஸ்ட் ஹவுஸ், பொட்டிக், இடிச்சுட்டுக் கட்டின மூணு மாடி, பூட்டின வீடு, கஃபே. துணி காயுற மாடியைத் தேடித்தான் குடும்பம் இருக்கிற வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கு. கெஸ்ட் ஹவுஸ்லயும் திண்ணை இருக்கு, சூப்பரா மெழுகு போட்டு, குத்துவிளக்கெல்லாம் வெச்சு. பக்கத்துல ஒரு தட்டி, ‘விருந்தினர்களுக்கு மட்டும்’.

இதுல ஆயா வியாபாரம் எப்படிப் படுத்துச்சுன்னு யோசிச்சுப் பார்த்தீங்களா? நான் யோசிக்கலை, அவங்கதான் சொன்னாங்க. ‘‘முன்ன ஸ்கூல் புள்ளைங்க சாப்பிடும். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீட்டுல எட்டு, பத்துன்னு பார்சல் வாங்குவாங்க. இப்போ வர்றவங்களுக்கு ரூம்லயே டிபன் ஃப்ரீயாம்.’’ மிச்சம் இருக்கிறது துப்புரவுப் பணியாளர்கள், ரெண்டு போலீஸ்காரங்க, கெஸ்ட் ஹவுஸ்ல வேலை பார்க்கிற பசங்க. அந்தப் பசங்களும் தங்குறது எங்கேயோ வில்லியனூர்ப் பக்கம்.

வீட்டுக்காரரைக் கட்டுரையில வில்லனா போடலாம்னு ஒரு பிளானோடதான் போனேன். மனுஷன் கெடுத்துட்டார். ரொம்ப நல்லவர்! டீ வாங்கிக் கொடுத்து, கணக்கையும் அவரே சொன்னார்.

‘‘வீடு எங்க அப்பாவுது தம்பி. பங்குக்கு அஞ்சு பேரு. ரெண்டு பேரு பிரான்ஸ்ல. ஓடு மாத்தணும், உத்தரம் செல்லரிச்சிடுச்சு. சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச கொத்தனார் இப்போ எங்கே இருக்கார், சொல்லுங்க? வர்ற வாடகை மழைக்காலத்துல ஒழுகுறதை அடைக்கவே பத்தாது. பில்டர் கேட்டார், இடிச்சுட்டு ஃப்ளாட் போடலாம்னு. எனக்கு மனசு வரலை. கெஸ்ட் ஹவுஸ் நடத்துறவங்க கேட்டாங்க. வீடாவது நிக்கும்ல?’’

சிவில் படிக்கிறவன்கிற முறையில அவர் சொன்னதை நான் மறுக்க முடியாது. அந்த வீட்டுக் கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டை மேல சன்னமான செங்கல்லைக் கோணத்துல அடுக்கி, சுண்ணாம்பு போட்டு இறுக்கினது. பராமரிச்சா தலைமுறை தலைமுறையா நிக்கும். விட்டா என்னாகும்ங்கிறதுக்குக் கடற்கரையிலேயே சாட்சி இருந்துச்சு. 1870-களைச் சேர்ந்த மேரி கட்டடம், அதாவது பழைய நகராட்சிக் கட்டடம், 2014 நவம்பர் மழையில அப்படியே உட்கார்ந்துடுச்சு. இப்போ நாம பார்க்கிறது அதே மாதிரி திரும்பக் கட்டி 2021-ல் திறந்தது. இன்டாக் மாதிரியான அமைப்புகள் பழைய வீடுகளைக் காப்பாத்தப் போராடுறதும் சும்மா இல்லை. 2000-களின் தொடக்கத்துல ஐரோப்பிய யூனியன் உதவியோட வைசியாள் வீதியில தாழ்வாரத்தையும் திண்ணையையும் மீட்டெடுத்தாங்க. நடந்து பாருங்க, கண்ணுக்கு அவ்வளவு அழகு.

ஆனா, வாடகை வீட்டுக்கும் ரூமுக்கும் உள்ள கணக்கைப் போட்டுப் பார்த்தா வயித்தைக் கலக்குது. ஒரு ரூம் ராத்திரிக்கு 3,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். மாசத்துல எட்டு ராத்திரி, அதாவது வீக் எண்ட் மட்டும் ஓடினாலே 24,000. நாலு ரூம் போட்டா 96,000. அந்த வாடகையை ஆயா கொடுக்கணும்னா எத்தனை இட்லி விக்கணும்? பத்து ரூபாய்க்கு ஒரு இட்லின்னா மாசத்துக்கு 9,600. மாவுக்கும் கேஸுக்கும் காசே இல்லாம! இதுல யார் பேராசைக்காரர்னு கேட்டா எனக்குப் பதில் தெரியலை. வீட்டைக் காப்பாத்த ஸ்கீம் இருக்கு, ஃபண்ட் இருக்கு, விருதுகூட இருக்கு. அதுக்குள்ள இருந்த இட்லிப் பானைக்கு மட்டும் எந்த ஸ்கீம்லயும் காலம் இல்லை. அது எனக்கு உறுத்துது.

சாயங்காலம் பீச். ஆறு மணிக்கு மேல வண்டி விட மாட்டாங்க, காந்தி சிலைகிட்ட கூட்டம் அலை மோதுது. இந்த பீச்சுக்கே ஒரு கதை இருக்கு. ஃப்ரெண்டோட அம்மா சின்ன வயசுல இங்கே மணல்ல ஓடி விளையாடியிருக்காங்க. நாங்க சின்ன வயசுல வந்தப்போ கருங்கல்லு மட்டும்தான் இருந்துச்சு. 1980-களின் கடைசியில தெற்கே அரியாங்குப்பம் ஆத்து முகத்துவாரத்துல துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர் கட்டினாங்க. நம்ம கிழக்குக் கடற்கரையில வருஷத்துல பெரும்பகுதி மணல் தெற்கேயிருந்து வடக்கே நகரும். சுவர் அதை மறிச்சதும் வடக்கே இருந்த பாண்டிக்கு மணல் வரலை. கடல் அரிக்குது. அரிக்காம இருக்கக் கல்லைக் கொட்டினாங்க. கல்லு போட்ட இடம் தப்பிச்சுது, அரிப்பு அதுக்கு வடக்கே நகர்ந்துடுச்சு. அங்கே கல்லு போட்டா அடுத்த குப்பம். இப்படியே குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் தாண்டி, தமிழ்நாட்டு எல்லைக்குள்ள கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம் வரைக்கும் போச்சு. 2018-19-ல் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில ஒரு செயற்கைத் திட்டை இறக்கின பிறகுதான் இங்கே கொஞ்சம் மணல் திரும்பி வந்துச்சு.

மணல்ல உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுக்கிட்டே ஃப்ரெண்டு சொன்னான்: ‘‘வாடகையும் இதே மாதிரிதான்டா போகுது. ஒயிட் டவுன்லேர்ந்து எங்க வீதி. எங்க வீதியிலேர்ந்து முத்தியால்பேட்டை. அங்கே இருந்தவன் லாஸ்பேட்டை. லாஸ்பேட்டையில இருந்தவன் வில்லியனூர்.’’ செமஸ்டர்ல கோஸ்டல் இன்ஜினீயரிங் பேப்பர்ல அரியர் வெச்சிருக்கிற பய பேசுற பேச்சா இது!

இன்னொரு விஷயத்தையும் ஒப்புக்கணும். அன்னிக்கு மத்தியானம் வெயில் தாங்காம அதே வீதியில ஒரு கஃபேக்குள்ள போய் உட்கார்ந்தேன். முற்றம், நடுவுல துளசி மாடம், மேலே வானம், சில்லுனு காத்து. கோல்டு காபி 220 ரூபாய். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டேன். போட்ட பிறகுதான், இதே மாதிரி ஒரு முற்றத்துலதான் ஆயா அரிசி ஊற வெக்கிறாங்கன்னு உறைச்சுது. டெலிட் பண்ணலை. நாற்பது லைக் வந்திருந்துச்சு.

ஆயாவுக்குப் பார்த்திருக்கிற வீடு வில்லியனூர்ப் பக்கம், ரெண்டாவது மாடி. பாத்ரூம் உள்ளேயே இருக்கு, ஒழுகாது, கரன்ட் மீட்டர் தனி. ஃப்ரெண்டோட அப்பாவுக்குத் திருப்தி. ‘‘வயசான காலத்துல எதுக்கு இட்லி? நான் பார்த்துக்குறேன்மா’’ன்னு அவர் சொல்றதும் பாசத்துலதான். ஆயா மட்டும் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாங்க.

‘‘ரெண்டாவது மாடிக்கு யாருப்பா ஏறி வந்து நாலு இட்லி குடுன்னு கேப்பான்?’’

யாரும் பதில் சொல்லலை.

கிளம்புற நேரத்துல ஒரு சின்ன பஞ்சாயத்து. முற்றத்து ஓரத்துல ஒரு பழைய ஆட்டுக்கல். கிரைண்டர் வந்த பிறகு அதுல மாவு ஆட்டுறதில்லை, குழவி மேல ஈரத்துணி காயும். கெஸ்ட் ஹவுஸ் வேலையைப் பார்க்க வந்த ஆர்க்கிடெக்ட் அக்காவுக்கு அது ரொம்பப் பிடிச்சுப்போச்சாம். ‘‘இங்கேயே இருக்கட்டும் பாட்டி. செடி வெச்சா அழகா இருக்கும், காசு தர்றோம்’’னு கேட்டிருக்காங்க. வீட்டுக்காரரும் தயங்கித் தயங்கிச் சொல்லிப் பார்த்திருக்கார்.

‘‘அது எங்க மாமியா கல்லு’’ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டாங்க ஆயா.

வர்ற ஞாயிற்றுக்கிழமைக்குக் குட்டியானை வண்டி சொல்லியிருக்கு. ரெண்டு மாடி ஏத்தணும், கல்லைத் தூக்க நாலு பேராவது வேணுமாம். ஹாஸ்டல்ல ரெண்டு பேரைப் பிடிச்சாச்சு. இன்னொருத்தனைத் தேடிக்கிட்டிருக்கேன்.