அளவு பார்த்தவன்

"என்ன தம்பியவை, கசிப்பு காய்ச்சுறியளோ?"

விடிய அஞ்சு மணிக்கு போர்டிங் அன்ரி கதவடியில் வந்து நின்றபோது, அறை முழுக்கக் கண்ணாடித் துண்டுகளும் இஞ்சி மணமும். இரவு மூன்று போத்தல் வெடித்திருந்தது. இது இஞ்சி பியர், கசிப்பு இல்லை எண்டு எவ்வளவோ விளங்கப்படுத்தினோம். அன்ரி மூக்கைப் பொத்திக்கொண்டு, "கள்ளுச் சீவுற ஆக்கள்ர வளவு மாதிரி மணக்குது" எண்டா.

நாங்கள் சிரித்தோம். அன்ரியைச் சமாளிக்கத்தான் சிரித்தோம் எண்டு பிறகு எங்களுக்கே சொல்லிக்கொண்டோம். நாலு பேரில் ஒருவன் மட்டும் சிரிக்காமல் கண்ணாடி பொறுக்கிக்கொண்டிருந்தான்.

வெடித்ததற்குக் காரணம் எங்கட கண்மட்டம். சீனியைக் கையில வந்தபடி கொட்டியிருந்தோம். ஈஸ்ட், பள்ளிக்கூடப் புத்தகத்தில் மதுவம், சீனியைத் தின்று மதுசாரத்தையும் காபனீரொட்சைட்டையும் விடும். சீனி நிறைய மிச்சமிருக்க மூடியை இறுக்கினால் வாயுவுக்குப் போக வழியில்லை.

வீட்டில் பியர் வடிப்பவர்கள் இதைக் கண்மட்டத்துக்கு விடுவதில்லை எண்டு வாசித்து அறிந்தோம். மோல்ட்டை ஊறவைத்து எடுக்கிற இனிப்புச் சாறுக்கு வோர்ட் எண்டு பேர். அதில் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு அடர்த்தி பார்ப்பார்கள். தண்ணீர் 1.000. சீனி கூடக் கூடக் கருவி மேலே எழும்பும், புளிக்கப் புளிக்கக் கீழே இறங்கும். 1.040 இல் தொடங்கி 1.010 இல் நின்றால் அண்ணளவாக 4 வீத மதுசாரம். எங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. ஐந்தாறு புள்ளி இறங்கினதும் பிரிட்ஜில் வைத்து நிப்பாட்டினால் இஞ்சி பியருக்குக் காணும். காசு சேர்த்து ஒரு ஹைட்ரோமீட்டர் வாங்கினோம்.

இரண்டாம் முறை இஞ்சியும் சீனியும் போட்டு 4 லீற்றர் காய்ச்சி, ஆவி பறக்கப் பறக்கக் கருவியை விட்டோம். 1.045. கிட்டத்தட்டச் சரி எண்டு துள்ளினோம். அவன் ஒரு கரண்டி எடுத்து ஊதி ஊதிக் குடித்துப் பார்த்தான்.

"பிழை. இது நல்லா இனிக்குது. ஆறவிட்டுப் பாருங்கோ."

ஆறின பிறகு 1.060. சூட்டில் திரவம் விரிந்து அடர்த்தி குறையும். கருவியோ 20 பாகை செல்சியசுக்குச் செய்தது. பிறகு கணக்கு லேசு: 60 புள்ளி, 4 லீற்றர், பெருக்கினால் 240. அதை 40 ஆல் பிரித்தால் 6. இரண்டு லீற்றர் தண்ணீர் விட்டோம். குறைந்திருந்தால் சீனி கரைத்து ஏற்றியிருப்போம்.

"நாக்கில எப்பிடியடா கண்டுபிடிச்சனி?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "அப்பா சீவல் தொழில்" எண்டான்.

இரண்டு வருசமாக ஒரே அறை. தோட்டம் செய்யிறார் எண்டுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தான். அன்றைக்குத்தான் முழுக்கச் சொன்னான். முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் கருப்பநீர் புளிக்காது, அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. தடவாவிட்டால் இறக்க முதலே கள்ளாகத் தொடங்கிவிடும். சுண்ணாம்பு கூடினாலும் குறைந்தாலும் அப்பா ஒரு சொட்டில் சொல்லுவாராம். சின்ன வயதில் அவனுக்கும் ருசி பார்க்கக் குடுப்பாராம்.

நாங்கள் கருவியில் வாசித்ததை அறிவு எண்டோம். அவன் வீட்டில் பழகினதை அவன் இரண்டு வருசம் ஒளிக்க வேண்டியிருந்தது. ஒளிக்க வைத்தது அன்ரி மட்டுமில்லை, அந்தச் சிரிப்பும்தான். அதுக்கு முதலும் எத்தனை தரம் அப்படிச் சிரித்திருப்போமோ!

இந்த முறை பிளாஸ்டிக் போத்தல். ஒன்றும் வெடிக்கவில்லை. அன்ரிக்கும் ஒரு கிளாஸ் குடுத்தோம். "நல்லாக் கிடக்கு, ஆர் அளவு பாத்தது?" எண்டு கேட்டா. அவன் நிலத்தைப் பார்த்தான். நாங்களும் வாய் திறக்கவில்லை.

சொல்லியிருக்க வேண்டும். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறோம். "எழுதுங்கோ, ஆனா சூட்டில அளந்ததையும் எழுதுங்கோ" எண்டான்.