எந்த வெள்ளை?

கண்டி நகரத்து வர்ணக் கடையில் "சுவருக்கு வெள்ளை வேண்டும்" என்று கேட்டால், "எந்த வெள்ளை, சேர்?" என்கிறார்கள். உடனே அட்டை விரிகிறது. பால் வெள்ளை, முத்து வெள்ளை, தந்த வெள்ளை! ஹேவாஹெட்டவில் நாம் வசிக்கும் சிறு வீட்டின் முன்னறைக்கு எது ஏற்றதென்று இரண்டு நாள் விவாதம் நடந்தது. பாராளுமன்றம் தோற்றது, போங்கள்!

உண்மையில் இவற்றின் அடிப்படை ஒன்றே. டைட்டானியம் டைஒக்சைட் என்னும் வெண்பொடியோடு துளி மஞ்சளோ துளி கறுப்போ சேர, பெயர் மாறுகிறது. அட்டையில் அருகருகே தெரியும் பேதம், தனித்தனி அறைகளில் பூசியபின் பெரும்பாலும் மறைந்துவிடும். ஒளியின் கதை வேறு. மலைநாட்டில் மூடுபனியினூடே வரும் பகலொளி சற்றே நீலம் பாய்ந்தது. அதில் கறுப்புத் துளி கலந்த வெள்ளை சோகை பிடித்தாற்போல் தோன்றும். மஞ்சள் கலந்தது இதமளிக்கும். சுவரில் ஒவ்வொன்றையும் ஒரு சதுர அடி பூசி, உலரவிட்டு, காலையிலும் உச்சியிலும் விளக்கொளியிலும் பார்த்தோம். தந்த வெள்ளையே வென்றது. (அவ்வெண்பொடியின் மூலப்பொருளான இல்மனைட் நமது புல்மோட்டைக் கருமணலில் கிடைக்கிறது. கருமணல் மலிவாகக் கப்பலேறுகிறது; வெண்பொடி விலையேறி வந்திறங்குகிறது.)

1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் இந்த ஹேவாஹெட்டப் பகுதியில்தான் உள்ளது. தோட்டங்கள் எழுப்பிய லயங்களுக்கு வர்ண அட்டை ஏது? நீற்றிய சுண்ணாம்பும் சிட்டிகை நீலமும்தான். சுண்ணாம்பை நாம் இழித்துரைக்க மாட்டோம். காற்றிலுள்ள கரியமில வாயுவை உண்டு மீண்டும் கல்லாக இறுகும் பொருள் அது. தன் காரத்தால் பூஞ்சணத்தையும் அடக்கும். ஈரம் கசியும் பழஞ்சுவரில் விலையுயர்ந்த பூச்சு கொப்புளித்து உரியும். சுண்ணாம்போ சுவரை மூச்சுவிட விடும்.

ஆயினும், சாலையிலிருந்து பார்ப்போர்க்கு வெளுத்துத் தெரியும் லயத்தின் உள்ளே நுழைந்து பாருங்கள். புகைபோக்கியற்ற விறகடுப்பு, ஒரே காம்பராவில் உறக்கமும் படிப்பும். தைப்பொங்கலுக்குப் பூசிய வெள்ளை சித்திரைக்குள் பழுப்பேறித் தீபாவளிக்குள் கரியேறிவிடும்.

நம்மிடம் படிக்கும் லயத்துப் பிள்ளையொருத்தி அந்த அட்டையை ஆவலோடு புரட்டினாள். "இதிலே எது சேர் புகைக்குக் கறுக்காது?" என்றாள். எதுவும் தாங்காது, முதலில் அடுப்புக்கு மேலே புகைபோக்கியும் சுவரில் ஒரு சன்னலும் வேண்டும் என்றோம்.

"அப்பாவும் அதைத்தான் சொன்னாங்க, சேர். சுவத்தை உடைக்கத் தோட்டத்து உத்தரவு கிடைக்கல்ல."