இருபத்து நாலே போதும்

பழைய புல்லட்டுக்குப் பெரிய கார்பரேட்டர் மாட்டித் தரச் சொல்லி வருகிறவர்களில் பலரை ஒரு மூத்த மெக்கானிக் மாட்டாமலேயே அனுப்பிவிடுகிறார். சும்மா அனுப்புவதில்லை. வண்டியை அரைநாள் வைத்திருந்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, இருப்பதையே சரியாக ஓட வைத்து அனுப்புகிறார். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவருடைய பட்டறையில் உட்கார்ந்து நான் பார்த்தது இந்த அரைநாள் வேலையைத்தான்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு பெரும்பாலான புதிய பைக்குகளில் கார்பரேட்டர் இல்லாமல் போனது. ஏறத்தாழ எல்லாமே ஃப்யூயல் இன்ஜெக்ஷன். ஆனால் ராஜபாளையத்திலும் சிவகாசியிலும் சங்கரன்கோவிலிலும் வீட்டுக்கு வீடு இல்லாவிட்டாலும் தெருவுக்கு ஒரு பழைய வண்டியாவது இருக்கிறது. இரும்பு இன்ஜின் புல்லட், ஆர்.எக்ஸ். 100, எங்கோ ஒரு எஸ்டி. அவற்றுக்குக் கை பழகியவர்கள் குறைந்துகொண்டே வருவதால், இருக்கும் சிலரைத் தேடி வண்டிகள் வருகின்றன.

அன்று வந்த இளைஞர் அப்பாவின் புல்லட் 350-ஐக் கொண்டுவந்திருந்தார். 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சி.சி. அதில் இருந்தது 24 மி.மீ. மிக்கார்ப் கார்பரேட்டர். ஜப்பானின் மிக்குனி நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து 1985-இல் தொடங்கிய யூகால் நிறுவனம் சென்னையை அடுத்த மறைமலை நகரில் செய்தது. இளைஞர் தன் பையில் ஒரு 28 மி.மீ. கார்பரேட்டர் வைத்திருந்தார், ஆன்லைனில் வாங்கியது.

“அண்ணே, இதைப் போட்டா இழுவை கூடும்னு சொன்னாங்க.”

“கூடும் தம்பி. எங்கே கூடும்னு சொன்னாங்களா?”

24-இலிருந்து 28-க்குப் போனால் நாலே மில்லிமீட்டர்தான் என்று தோன்றும். வட்டத்தின் பரப்பைக் கணக்கிட்டால் 36 சதவீதம் கூடுகிறது. அதே இன்ஜின் அதே அளவு காற்றை இழுக்கும்போது, அகன்ற குழாயில் காற்றின் வேகம் கால்பங்குக்கு மேல் குறைந்துவிடும். கார்பரேட்டரில் பெட்ரோலை மேலே இழுப்பது பம்ப் அல்ல, அந்தக் காற்றின் வேகம்தான். தோட்டத்துக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்தால் தண்ணீர் பீய்ச்சுமே, அதுபோல ஒடுங்கிய இடத்தில் காற்று விரைகிறது, அங்கே அழுத்தம் குறைகிறது, பெட்ரோல் ஏறுகிறது. புல்லட் போல மெதுவாகச் சுற்றும் நீண்ட ஸ்ட்ரோக் இன்ஜினில் குழாயை அகலமாக்கினால், முழுசாக முறுக்கும்போது கொஞ்சம் கிடைக்கும். பஸ் ஸ்டாண்டு முன்னாலும் தேரடியிலும் ஊர்ந்து போகும்போது திணறும். நம் ஊர் ரோட்டில் யார் எப்போதும் முழுசாக முறுக்கி ஓட்டுகிறார்கள்?

மெக்கானிக் கார்பரேட்டரை உடனே தொடவில்லை. முதலில் பாயிண்ட் மூடியைக் கழற்றினார். இடைவெளி 0.35 முதல் 0.4 மி.மீ.க்குள் இருக்க வேண்டும், தேய்ந்து மூடிக்கிடந்தது. அதைச் சரிசெய்து டைமிங் வைத்தார். டேப்பட் கதவைத் திறந்து, புஷ்ராடுகளை விரலால் சுற்றிப் பார்த்தார். தாராளமாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. பிறகு ஸ்டார்ட் செய்து, கார்பரேட்டர் சிலிண்டர் தலையோடு சேரும் இடத்தில் சொட்டுச் சொட்டாக ஆயில் விட்டார். ஐட்லிங் சத்தம் மாறியது. அங்கே காற்று புகுந்துகொண்டிருந்தது. பழைய கேஸ்கட்.

“கார்பரேட்டர் கோளாறுன்னு வர்றதுல பாதி, பாயிண்ட் கோளாறு சார். மீதியில பாதி, காத்து லீக்கு” என்றார் என்னைப் பார்த்து.

அதன் பிறகுதான் கார்பரேட்டர் மேஜைக்கு வந்தது. ஃப்ளோட் கிண்ணத்தின் அடியில் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும்; வண்டி நின்றே கிடந்தால் அந்த ஈரம் உலோகத்தை அரிக்கும். 2023 பிப்ரவரியில் நாட்டில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனை தொடங்கியது. இப்போது பெரும்பாலான பங்க்குகளில் அதுதான். இந்த வண்டி பிறந்த காலத்தில் அப்படி ஒரு பெட்ரோலே இல்லை. ரப்பர் முனை உள்ள ஃப்ளோட் ஊசி உப்பியிருந்தது, அதையும் மாற்றினார்.

அரிப்பைவிடப் பெரிய விஷயம் கலவை. சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இருபது சதவீதக் கலப்பில் அது 13.5 அளவுக்கு இறங்குகிறது. அதாவது அதே காற்றுக்குச் சுமார் 9 சதவீதம் அதிக எரிபொருள் போக வேண்டும். இன்ஜெக்ஷன் வண்டியில் சென்சார் பார்த்துத் தானே கூட்டிக்கொள்ளும். கார்பரேட்டரில் பித்தளையில் போட்ட ஓட்டை போட்டதுதான். அப்படியே விட்டால் காற்று மிகுந்து, இன்ஜின் சூடேறி, ஆக்ஸிலரேட்டரை விடும்போதெல்லாம் சைலன்சரில் வெடிக்கும். கம்பெனி அச்சிட்ட கையேட்டில் இருக்கும் ஜெட் எண் இன்று கிடைக்காத பெட்ரோலுக்கு எழுதியது. இனி ஒவ்வொரு பழைய வண்டிக்கும் எண்ணை ஒருவர் புதிதாகக் கண்டுபிடித்தாக வேண்டும். அதை இவரைப் போன்றவர்கள்தான் செய்துகொண்டிருக்கிறார்கள், எந்தக் கையேட்டிலும் ஏறாமல்.

நீடில் ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்து என்னிடம் காட்டினார். வட்டமாக இருக்க வேண்டிய துளை, இத்தனை வருடம் ஊசி உரசி உரசி நீள்வட்டமாகியிருந்தது. கால் முறுக்கிலிருந்து முக்கால் முறுக்கு வரை எரிபொருளை அளப்பது இந்த இடம்தான். இங்கே தேய்ந்தால் எந்த ஸ்க்ரூவைத் திருகினாலும் மைலேஜ் திரும்பாது. ஊசியும் நீடில் ஜெட்டும் ஜோடியாகப் புதிதாக வந்தன. அடைத்த ஜெட்டுகளைக் கம்பியால் குத்துவதை அவர் பட்டறையில் யாரும் செய்யக்கூடாது. பெட்ரோலில் ஊறவைத்து, காற்றடித்து மட்டுமே. ஒரு குத்தில் 90 எண் ஜெட் எந்த எண்ணாக மாறும் என்று யாருக்கும் தெரியாது.

ட்யூனிங் பட்டறையில் பாதி, ரோட்டில் பாதி. ஆக்ஸிலரேட்டர் பிடியில் டேப் ஒட்டி கால், அரை, முக்கால், முழுசு என்று பேனாவால் கோடு போட்டார். கொல்லம் நெடுஞ்சாலையில் லாரி விடாது என்பதால் செண்பகத்தோப்பு சாலைக்குப் போனோம். காலையில் அங்கே ஆள் குறைவு, மலை வரைக்கும் திறந்து கிடக்கும். முதலில் மெயின் ஜெட். பழைய 90-ஐ எடுத்துவிட்டு 100 போட்டார்; முழு முறுக்கில் அடைத்துக்கொண்டு கரும்புகை விட்டது. 95-இல் சத்தம் சீராக நின்றது. மிக்குனி வகை அறுகோண ஜெட்டில் இந்த எண் துளையின் விட்டத்தைச் சொல்வதல்ல, எவ்வளவு பாயும் என்பதைச் சொல்வது. அதனால்தான் அந்த 9 சதவீதக் கணக்கை நேராக இதில் பொருத்திப் பார்க்க முடிகிறது. பிறகு ஊசி: கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினார், ஊசி உயர்ந்து நடு முறுக்கின் திணறல் போனது. கடைசியாக ஏர் ஸ்க்ரூ. ஐட்லிங்கில் கால் கால் சுற்றாகத் திருப்பி, இன்ஜின் எங்கே வேகமாகச் சுற்றுகிறதோ அங்கே நிறுத்தினார்.

முழு முறுக்கில் ஓட்டி, கிளட்சைப் பிடித்து, அதே நொடியில் இன்ஜினை அணைத்து, உருண்டு ஓரமாக வந்து பிளக்கைக் கழற்றினார். டீ நிறத்தில் இருந்தால் சரி என்பது பழைய பாடம். இந்தப் பெட்ரோலில் பிளக் வெளுத்தே இருக்கும். பழைய நிறத்துக்காகக் காத்திருந்தால் ஜெட்டைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியதுதான். அவர் லென்ஸ் வைத்து, பீங்கான் உள்ளே போய் முடியும் அடிவளையத்தைப் பார்க்கிறார். அங்கே மெல்லிய புகை வளையம் இருக்க வேண்டும். இதைக் கற்றுத்தரும் வகுப்பு எதையும் நான் பார்த்ததில்லை. பக்கத்தில் நின்ற உதவியாளப் பையன் பார்த்துப் பார்த்துத்தான் பழகுகிறான்.

பெரிய கார்பரேட்டர் யாருக்குமே வேண்டாம் என்றில்லை. 500 சி.சி.க்கு மாற்றிய புல்லட்டுகளுக்கு 28 பொருந்தும்; தலையில் போர்ட்டைத் திறந்து, கேமும் மாற்றிய 350-க்கு 26 வைக்கிறார். அப்போது வேலை ராஜபாளையத்துக்குப் போகிறது. நூற்பாலைகளுக்கு உதிரிபாகம் கடைந்தே வளர்ந்த லேத்துகள் அங்கே உண்டு. ஒரு லேத்தில் அலுமினியத்தில் மேனிஃபோல்டு கடைவதைப் பார்த்தேன். கார்பரேட்டர் பக்கம் 26, தலைப் பக்கம் போர்ட்டின் அளவு, நடுவில் ஒரு படிகூட இல்லாத சரிவு. உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்து, நகம் தட்டினால் மறுபடி கடைகிறார்கள். தேய்ந்த த்ராட்டில் ஸ்லைடுக்குப் பித்தளை உறை போட்டுத் தருவதும் இங்கேதான்.

டூ ஸ்ட்ரோக் என்றால் இன்னும் கவனம். ஆர்.எக்ஸ். 100-இல் கலவை மெலிந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றும் எஸ்டியில் ஜெட்டைச் சிறிதாக்கினால் எரிபொருளோடு ஆயிலும் குறையும்; ஒரே தவறு இரட்டை அடி. அதனால் அவற்றுக்குப் பெரிய ஜெட்டில் தொடங்கி இறங்கி வருகிறார், ஒருபோதும் கீழிருந்து ஏறுவதில்லை. கொடைக்கானல் போகிறவர்களுக்கு மட்டும் வேறு பேச்சு: அங்கே சுமார் 2,100 மீட்டரில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது, கலவை தடித்துவிடும். ஒரு எண் சிறிய ஜெட்டைக் கையில் கொடுத்து, மேலே போய் மாற்று, அடிவாரம் வந்ததும் மறக்காமல் பழையதைப் போடு என்கிறார்.

மதியம் அந்த இளைஞர் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். மூன்றாவது கியரில் மெதுவாகப் போனபடியே முறுக்கினால் ஏறுகிறது என்றார். 28-ஐ என்ன செய்வது என்று கேட்டார். திருப்பி அனுப்ப முடிந்தால் அனுப்பச் சொன்னார் மெக்கானிக். பிறகு நோட்டை எடுத்து வண்டி எண்ணுக்கு நேரே 95, ஊசிக் கிளிப்பின் பள்ளம், ஏர் ஸ்க்ரூவின் சுற்று எல்லாம் எழுதினார். அதே பக்கத்தில் சில வண்டிகளுக்கு நேரே பழைய எண் அடிக்கப்பட்டுப் புது எண் இருந்தது.

“ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க தம்பி. பிளக்கைத் துடைச்சிராம அப்படியே கொண்டாங்க.”