தப்பிய செடியா, தாங்கிய செடியா?

லால்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி வீராணம் ஏரிக்கரையில் ஏறினால், ஒரு பக்கம் கண்ணுக்கெட்டும் வரை தண்ணீர். கீழணையிலிருந்து வடவாறு வழியாக வந்து நிறைவது. மறுபக்கம் அந்தத் தண்ணீரை நம்பிய வயல்கள். மாசி மாதத்தில் சம்பா தாள்களுக்கிடையே உளுந்து பச்சைப் பாயாகக் கிடக்கும். அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே மண் மெழுகுப் பதமாக இருக்கும்போது தெளித்த விதை. மிச்ச ஈரத்திலும் பனியிலுமே வளர்ந்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் இதே கரையில் போகும்போது ஒரு வயல் மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது. வரப்பில் எழுபது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் நின்றிருந்தார். "தம்பி, நீ சொன்ன மருந்தை ரெண்டு தடவை அடிச்சாச்சு. மஞ்சள் போகலையே?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. மருந்து சொன்னவன் நான்தான்.

அது மஞ்சள் தேமல் நோய். பரப்புவது வெள்ளை ஈ. நோயுள்ள செடியில் சாறு உறிஞ்சிய ஈ, பல நாள் வைரஸைச் சுமந்து செடி செடியாகப் போகும். மருந்து பட்டு ஈ சாவதற்குள் கடித்து முடித்திருக்கும். மஞ்சளான செடியை எந்த மருந்தும் திரும்பப் பச்சையாக்காது. அதனால்தான் தாங்கும் ரகம் தேவைப்படுகிறது.

அந்த அம்மா நடுவே பச்சையாக நின்ற நாலைந்து செடிகளைக் காட்டி, "இதை விதைக்கு எடுத்துக்கவா?" என்று கேட்டார். இதே கேள்வியைப் பல வாசகர்களும் கேட்கிறார்கள். எடுக்கலாம். ஆனால் அந்தச் செடி நோயைத் தாங்கியதா, ஈயின் கண்ணில் படாமல் தப்பியதா என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது.

புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் உள்ள தேசிய பயறு வகை ஆராய்ச்சி மையம் போன்ற இடங்களில் இதைச் சோதிக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சோதிக்கும் செடிகளுக்கு இடையிடையே, சீக்கிரம் நோய் வாங்கும் ரகத்தை வரிசையாக விதைப்பார்கள். பூச்சி மருந்தே அடிக்க மாட்டார்கள். சுற்றிலும் நோய் பெருகிய பிறகும் பச்சையாக நிற்பதுதான் தேறும். வம்பன் 8 உளுந்து மஞ்சள் தேமலைத் தாங்கும் ரகம். அப்படிப்பட்ட ரகமும் நெல் தரிசுக்கு ஏற்றதா என்று கேட்ட பிறகே விதை வாங்குங்கள். வடநாட்டு வயல்களில் பெரும்பாலும் இருப்பது வேறு வகைத் தேமல் வைரஸ். அங்கே தாங்கிய ரகம் இங்கே மஞ்சளாகலாம்.

உங்கள் வயலிலும் சிறிதாகச் சோதிக்கலாம். பச்சையாக நின்ற செடிக்கு நூல் கட்டி, நெற்றைத் தனியே பறித்து வையுங்கள். உளுந்தில் பெரும்பாலும் தன் மகரந்தச் சேர்க்கைதான். அதனால் குணம் அதிகம் மாறாது. அடுத்த பட்டத்தில் வழக்கமான விதைக்கு நடுவே ஒரு வரிசை போடுங்கள். அக்கம்பக்கம் மஞ்சளாகி அந்த வரிசை மட்டும் பச்சையாக நின்றால் பெருக்குங்கள். அதுவும் மஞ்சளானால், போன வருடம் தப்பிய செடி அது. சான்று பெற்ற தாங்கும் ரகத்துக்கு மாறிவிடுங்கள்.

எடுத்த விதையைப் பயறு வண்டிடமிருந்தும் காக்க வேண்டும். வண்டு வயலிலேயே நெற்றில் முட்டையிட்டுவிடும். பல்லில் கடித்தால் நொறுங்கும் வரை காயவைத்து, கிலோவுக்கு 10 மில்லி வேப்பெண்ணெய் கலந்து வையுங்கள். வண்டைத் தாங்கும் குணமும் உலகில் இருக்கிறது. மடகாஸ்கரில் கிடைத்த ஒரு காட்டுப் பாசிப்பயறில் அதைக் கண்டார்கள். ஆனால் காட்டுச் செடிக்குப் பொடி விதை, வெடித்துச் சிதறும் நெற்று. அதை நல்ல ரகத்தோடு ஒட்டுக் கட்டி, நல்லதை மட்டும் பிரித்தெடுக்க ஆண்டுக்கணக்கில் ஆகும்.

அந்த அம்மா அன்று நான்கு செடிகளுக்கு நூல் கட்டினார். மறு பட்டத்தில் மூன்று வரிசை மஞ்சளானது, ஒன்று மட்டும் பச்சையாக நின்றது. "ஒண்ணு போதும் தம்பி, விதைக்கு" என்றார். இன்னும் ஒரு பட்டம் பார்த்துவிட்டுப் பெருக்கச் சொன்னேன். இந்த முறை மருந்து எதுவும் சொல்லவில்லை.