ஊசிக்கு முந்தைய நிமிடம்

மேற்கு மாம்பலத்தில், ஆரிய கவுடா சாலையை ஒட்டிய தெருக்களில், முதியவர்கள் மட்டுமே வசிக்கும் வீடுகள் அதிகம். பிள்ளைகள் கடல் கடந்தோ பெங்களூரிலோ இருப்பார்கள். இவ்வீடுகளுக்குத் தவறாமல் படியேறி வருபவர்களில் செவிலியரும் ஒருவர். 'ஊசி போட வர்ற பொண்ணு' என்றுதான் அவரைக் குறிப்பிடுகிறோம். அவருடைய வேலையில் ஊசி போடுவது மிகச் சிறிய பகுதி என்பதை நான் விளங்கிக்கொண்டது என் தந்தையாரின் கடைசி ஆண்டுகளில்.

அப்பா நெடுங்காலம் இன்சுலின் போட்டுக்கொண்டவர். ஒருமுறை மருத்துவமனையிலிருந்து திரும்பியபோது மருந்தை மாற்றி, கிளார்ஜின் என்ற வகையை இரவில் 20 யூனிட் போடும்படி எழுதித் தந்திருந்தார்கள். குப்பியும் சிரிஞ்சும் கடையிலிருந்து வந்து சேர்ந்தன. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து இங்கே விடுதியில் தங்கியிருந்த அந்தச் செவிலியர் குப்பியை விளக்கருகே பிடித்துப் படித்தார், சிரிஞ்சைப் பார்த்தார், மீண்டும் குப்பியைப் படித்தார்.

"என்னம்மா, போடாம என்ன படிச்சுண்டிருக்கே?" என்றார் அப்பா.

"மருந்துல நூறுன்னு போட்டிருக்கு தாத்தா. கடையில குடுத்தது நாப்பது சிரிஞ்சு. இதுல இருபது கோடு வரைக்கும் எடுத்தா அம்பது யூனிட் உள்ள போயிடும். ஆரஞ்சு மூடி போட்டதா வாங்கிட்டு வரச் சொல்லுங்க."

நம் நாட்டில் குப்பி இன்சுலின் பெரும்பாலும் இரு செறிவுகளில் விற்கிறது: மில்லிலிட்டருக்கு 40 யூனிட், 100 யூனிட். முன்னதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, பின்னதற்கு ஆரஞ்சு. சிவப்பு மூடி சிரிஞ்சில் இருபதாம் கோடு என்பது அரை மில்லிலிட்டர். 100 வகை மருந்தில் அது 50 யூனிட். இரண்டரை மடங்கு இன்சுலின் ஏறிய முதியவர் சர்க்கரை தாழ்ந்து நினைவிழக்கக்கூடும். வீட்டார் அதை நல்ல தூக்கம் என்று எண்ணி நிம்மதியும் அடையக்கூடும். எழுதிய மருத்துவர் பிழை செய்யவில்லை, மருந்தும் சரியானதே. ஆபத்து இரண்டு மூடி நிறங்களுக்கு நடுவில் இருந்தது.

சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான வேளை என்னும் ஐந்தையும் செவிலியர் கல்வியில் மனப்பாடமாகச் சொல்லித் தருகிறார்கள். ஆனால் மனப்பாடம் வேறு, மருந்தை அறிவது வேறு. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 2017 டிசம்பரில் நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். ஸ்கேனுக்கு முன் பதற்றம் தணிக்க ஒரு மூதாட்டிக்கு 'வெர்செட்' எழுதப்பட்டிருந்தது. செவிலியர் மருந்து அலமாரியின் கணினியில் முதலிரண்டு எழுத்துகளைத் தட்டி எடுத்ததோ 'வெக்குரோனியம்'. தசைகளை முடக்கி மூச்சையும் நிறுத்திவிடும் மருந்து அது. மூதாட்டி இறந்தார். 2022-இல் நீதிமன்றம் செவிலியரைக் குற்றவாளி எனத் தீர்த்து, மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தது. அமைப்பின் குறைகளுக்கு ஒருவரை மட்டும் தண்டிப்பதா என்று செவிலியர்கள் கேட்டதில் நியாயம் உண்டு. எனினும் ஒரு விவரம் என்னை விட்டு அகலவில்லை. வெர்செட் திரவம், அவர் கையிலிருந்தது கரைத்துப் போட வேண்டிய பொடி. மருந்தே தன்னை யாரென்று சொல்லிக்கொண்டிருந்தது.

பெயர்க் குழப்பம் நமக்கும் புதிதல்ல. 'ஃபால்சிகோ', 'ஃபால்சிடேப்' என்ற இரு மலேரியா மருந்துகளின் வணிகப் பெயர் வழக்கில், 2001-இல் உச்ச நீதிமன்றம், மருந்துப் பெயர்களின் ஒற்றுமையைப் பிற பண்டங்களைவிடக் கடுமையாக நோக்க வேண்டும் என்றது. மற்ற பண்டங்களில் குழம்பினால் போவது காசு. மருந்தில் குழம்பினால் போவது உயிர்.

எழுதுபவரும் விற்பவரும் நோயாளியின் உடலைத் தொடாமலே விலகிவிடலாம். செவிலியரின் கைக்கு அப்பால் திருத்த யாருமில்லை. நாடித்துடிப்பு அறுபதுக்குக் கீழே இருந்தால் டிஜாக்சினைக் கொடுக்காமல் மருத்துவரை அழைக்கும் செவிலியர் கீழ்ப்படிய மறுப்பவர் அல்லர். தன் கடமையைச் செய்பவர். நாமோ சொன்னதைச் செய்வதையே அவரிடம் நற்குணமாகப் பாராட்டிப் பழகிவிட்டோம். சந்தேகம் கேட்டால் 'தெரியாதவள்' என்கிறோம், தயங்கினால் அவசரப்படுத்துகிறோம்.

சம்பளத்தைக் கூட்டுவதும் மரியாதையாக அழைப்பதும் வேண்டியவைதாம். அவற்றோடு இன்னொன்றும் தரலாம்: குப்பியை இரண்டாம் முறை படிக்க ஒரு நிமிடம்.