அமானிதத்துக்கு ஒரு கணக்கேடு



ரமலான் பிறை தென்பட்டதும் எங்கள் மஹல்லாவின் பைத்துல்மாலுக்கு ஜகாத்தும் ஸதகாவும் வரத் தொடங்கிவிடும். கொடுப்பவர் தம் கடமை நிறைவேறிய மனநிறைவோடு வீடு திரும்புகிறார். அத்தொகை உரியவரின் கையில் சேரும்வரை அதன் பொறுப்பு நிர்வாகத்தில் அமர்ந்திருக்கும் எங்கள் மீதே இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் பொருளாளர் வஃபாத்தானார். பொதுப் பணத்தில் ஒரு காசுகூடத் தமக்கென எடுக்காத பெரியவர். ஆயினும் கணக்கில் பாதி அவருடைய நினைவிலும் மீதி ஒரு பழைய நோட்டிலும் இருந்தன. பைத்துல்மால் பணமும் அவருடைய கடைப் பணமும் ஒரே பீரோவில் இருந்தமையால் எது எதற்குரியது என்று பிரிக்க இயலவில்லை. மாதந்தோறும் உதவி பெற்றுவந்த விதவையர் சிலரின் பெயர்கள் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. இரண்டு மாதங்கள் அவர்களுக்கு எதுவும் சேரவில்லை. நாணத்தால் அவர்களும் வந்து கேட்கவில்லை. அதனினும் வேதனை, கப்ரின் ஈரம் காயுமுன்பே அவருடைய பிள்ளைகளைப் பார்த்து ஊர் முணுமுணுத்தது.

கணக்கேடு தவறு செய்பவரைப் பிடிப்பதற்கு மட்டுமன்று, நேர்மையாளரின் மானத்தைக் காப்பதற்கும்தான் என்பதை அன்று உணர்ந்தோம்.

நெறிமுறைகளை எழுத அமர்ந்தபோது மூத்தவர் ஒருவர் சினந்தார். "அல்லாஹ்வுக்குக் கணக்குக் கொடுக்கப்போகிறவர்களை நீங்கள் சந்தேகிக்கிறீர்களா?" என்றார். நியாயமான வருத்தமே. ஆனால், திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைக்கச் சொல்வதன்றோ? இரவில் தம் துணைவியார் ஸஃபிய்யா (ரலி) அவர்களுடன் நடந்து சென்ற நபி (ஸல்) அவர்கள், அவ்வழியே போன அன்சாரித் தோழர் இருவரிடம் அவர் இன்னார் என்று தாமே தெளிவுபடுத்தினார்கள். ஐயத்துக்கு இடமில்லாமல் நடந்துகொள்வதும் சுன்னத்தே. ஜகாத் வசூலிக்கச் சென்றவர் ஒரு பகுதியைத் தமக்கு வந்த அன்பளிப்பு என்று ஒதுக்கியபோது, நபியவர்கள் மிம்பரில் நின்றே அதைக் கண்டித்ததையும் அப்பெரியவருக்கு நினைவூட்டினோம்.

பின்னர் வகுத்த விதிகள் எளியவை. ஜகாத், ஸதகா, பள்ளிவாசல் கட்டட நிதி மூன்றும் தனித்தனிக் கணக்குகள். ஜகாத் பெறத் தகுதியுடையோர் எட்டு வகையினர் என்று இறைவன் வரையறுத்துவிட்டான் (9:60). மினாராவுக்குச் சுண்ணாம்பு அடிக்கும் செலவு அதில் இல்லை. வரிசை எண் இட்ட ரசீதின்றிப் பணம் வாங்குவதில்லை. காசோலையில் இருவர் கையொப்பம். நிர்வாகியின் உறவினர் உதவி கோரினால், முடிவெடுக்கும் அமர்வில் அந்நிர்வாகி இருக்கக் கூடாது. பொருளாளர் பொறுப்பு மூன்றாண்டுகளுக்கு மட்டுமே. வெளியாள் ஒருவரின் ஆண்டுத் தணிக்கை. வரவு செலவு அறிக்கை ஒவ்வொரு காலாண்டும் அறிவிப்புப் பலகையில்.

ஒன்றை மட்டும் பலகையில் எழுதுவதில்லை என்று உறுதிகொண்டோம்: உதவி பெறுவோரின் பெயர். எத்தனை குடும்பங்கள், எவ்வளவு தொகை என்பது ஊருக்குத் தெரியும். இன்னார் என்பது தணிக்கையாளரும் நிர்வாகிகள் இருவரும் மட்டுமே அறிவர். நமது வெளிப்படைத்தன்மைக்கு ஏழையின் கண்ணியம் விலையாகிவிடக் கூடாது.

சட்டமும் இதையொட்டியே பேசுகிறது. வக்ஃப் சட்டம், முத்தவல்லி ஆண்டுதோறும் வாரியத்துக்குக் கணக்கு அளிக்க வேண்டும் என்கிறது. வருமான வரிச் சட்டம், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்த நன்கொடைக்குச் சலுகை தருவதில்லை. இவையெல்லாம் குறைந்தபட்ச அளவுகோல்களே. மறுமையின் கேள்வி இவற்றினும் நுட்பமானது.

அன்று சினந்த மூத்தவர், இன்று ரசீதுப் புத்தகம் கையில் இல்லாவிட்டால் நூறு ரூபாயைக்கூட வாங்க மறுக்கிறார்.

உங்கள் மஹல்லாவின் பொருளாளர் நாளையே இல்லாமற்போனால், மறுமாதம் அந்த விதவையின் வீட்டுக்குப் பணம் போய்ச் சேருமா? அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் இக்கேள்வியைக் கனிவோடு எழுப்புங்கள். அமானிதத்தைப் பேணுவோரின் கூட்டத்தில் அல்லாஹ் நம் அனைவரையும் சேர்த்தருள்வானாக. ஆமீன்.