ஏட்டில் இல்லாத எதிராளிகள்

குத்துச்சண்டையின் அதிபாரப் பிரிவில் எந்தக் காலம் வலியது என்ற வினாவுக்கு விடை கூறுவோர் பெரும்பாலும் எண்ணிலிருந்தே தொடங்குவர். றொக்கி மார்சியானோ 49 சண்டைகளிற் பங்குபற்றி 49 இலும் வென்றார். அவற்றுள் 43 இல் எதிராளி இறுதிச் சுற்றுவரை நின்றுபிடிக்கவில்லை. 1956 இல் தோல்வியறியாதவராகவே அவர் ஓய்வுபெற்றார். பல்கலைக்கழக விடுதியில் என் அறைநண்பராயிருந்த கணித மாணவர் ஒருவருக்கு இவ்வெண்ணே போதுமானதாயிருந்தது. நூற்றுக்கு நூறு பெற்றவனிலும் மேலான மாணவன் உண்டோ என்பது அவரது வாதம். வினாத்தாளைப் பார்த்தீரா என்பது எனது எதிர்வினா.

வினாத்தாளைப் பார்ப்போம். 1951 இல் மார்சியானோ வீழ்த்திய ஜோ லூயிசுக்கு அப்பொழுது வயது 37. 1952 இல் அவர் பட்டத்தைப் பறித்த ஜேர்சி ஜோ வோல்கொட்டுக்கு வயது 38. அவ்வாறிருந்தும் பதின்மூன்றாஞ் சுற்றில் அந்த ஒற்றை வலக்கைக் குத்து விழும்வரை புள்ளிகளில் முன்னின்றவர் வோல்கொட்டே. 1955 இல் இரண்டாஞ் சுற்றில் மார்சியானோவைத் தரையில் விழுத்திய ஆர்ச்சி மூரும் நாற்பதை ஒட்டிய வயதினரே. இதனால் மார்சியானோவின் வீரம் குறைந்துவிடாது. அவர் தம் காலத்தில் எதிர்வந்த அனைவரையும் வென்றார். ஆனால் அவரது காலம் வலியதா என்பது வேறு வினா. அதனை அவருடைய வெற்றிக்கணக்கிலிருந்து மட்டும் பெறமுடியாது.

எண்களைக் கொண்டு காலங்களை மோதவிடும் ஆசை எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு ஒரு வேடிக்கையான சான்று உண்டு. 1967 இல் மறி வொறோனர் என்னும் அமெரிக்க வானொலித் தயாரிப்பாளர், பட்டம் வென்ற பதினாறு பேரின் விபரங்களைக் கணினிக்கு ஊட்டி, அவர்களுக்கிடையே கற்பனைப் போட்டிகளை நடத்தி ஒலிபரப்பினார். அதில் மார்சியானோ முதலிடம் பெற்றார். முகம்மது அலியோ நூற்றாண்டின் தொடக்கத்திற் சம்பியனாயிருந்த ஜிம் ஜெவ்ரீசிடம் தோற்றதாக முடிவு வந்தது. அலி சினந்து பத்து இலட்சம் டொலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். பிணக்குத் தீர்ந்தபின், 1969 இல் அலியையும் மார்சியானோவையும் மயாமியில் மேடையேற்றி, பல்வேறு முடிவுகளுடன் ஒரு திரைப்படம் எடுக்கப்பட்டது. படம் வெளிவருமுன்னரே அவ்வாண்டு ஓகஸ்டில் மார்சியானோ விமான விபத்தில் இறந்தார். 1970 ஜனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளில் அவர் பதின்மூன்றாஞ் சுற்றில் அலியை வீழ்த்தினார்; ஐரோப்பாவிற் காட்டிய வடிவத்திலோ வென்றவர் அலி. கணினியும் கடல் கடந்தாற் கருத்தை மாற்றிக்கொள்ளும் போலும்.

இவ்வேடிக்கையில் என்னை உறுத்துவது யார் வென்றார் என்பதன்று. அந்தப் பதினாறு பேருள் சாம் லாங்போர்ட் இல்லை. இருக்கவும் முடியாது. அவர் சம்பியனானவரல்லர், ஆக விடப்பட்டவருமல்லர்.

1908 டிசெம்பரில் சிட்னியில் ரொமி பேர்ன்சை வென்று ஜாக் ஜோன்சன் அதிபாரப் பிரிவின் முதற் கறுப்பினச் சம்பியனானார். அவர் காலத்தில் லாங்போர்ட், ஜோ ஜெனெட், சாம் மக்வே ஆகிய மூவரும் அவருக்கு நிகராக வைத்தெண்ணப்பட்ட கறுப்பின வீரர்கள். 1909 இல் பாரிசில் ஜெனெட்டும் மக்வேயும் 49 சுற்றுகள் மோதினர். பன்முறை தரையில் விழுந்தெழுந்த ஜெனெட்டே இறுதியில் வென்றார். இம்மூவருள் ஒருவருக்கேனும் சம்பியனான பின்னர் ஜோன்சன் வாய்ப்பளிக்கவில்லை. வெள்ளையருடன் மோதினாற் பணம் கூடுதல், ஆபத்துக் குறைவு. 1915 இல் ஹவானாவில் அவர் தோற்றபின் கதவு முற்றாகவே சாத்தப்பட்டது. அதன்பின் 1937 வரை, இருபத்திரண்டு ஆண்டுகள், கறுப்பினத்தவர் எவரும் அப்பட்டத்துக்காக மேடையேற அனுமதிக்கப்படவில்லை. ஜாக் டெம்ப்சி 1919 முதல் 1926 வரை சம்பியனாயிருந்த காலம் முழுவதும் ஹரி வில்ஸ் வாசலிற் காத்திருந்தார். ஒரு கட்டத்தில் ஒப்பந்தமுங்கூடக் கைச்சாத்தாயிற்று. சண்டை மட்டும் நடைபெறவில்லை.

ஆதலால் இருபதுகளைப் பொற்காலம் என்று எழுதுவோரைக் காணும்போது எனக்கு ஐயம் எழுகின்றது. டெம்ப்சி வில்சை வென்றிருக்கலாம். நானும் அவ்வாறே கருதுகிறேன். ஆயினும் நடைபெறாத சண்டையின் பெறுபேற்றை நடைபெற்றவற்றின் பட்டியலிலிருந்து கணிப்பதெப்படி? லாங்போர்டோ வில்ஸ், ஜெனெட் முதலிய தம்மவருடனேயே மீண்டும் மீண்டும் பொருதிக் காலங்கழித்தார். 1944 இல் ஒரு பத்திரிகையாளர் தேடிச்சென்றபோது, கண்பார்வை இழந்து, நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியில் வறுமையில் வாழ்ந்துகொண்டிருந்தார்.

ஜோ லூயிஸ் 1937 இல் அக்கதவைத் திறந்தார். பன்னிரண்டாண்டு காலத்தில் 25 தடவை பட்டத்தைக் காத்தார். அடிக்கடி மேடையேறியமையால் அவருடைய எதிராளிகளை மாதமொரு சோதா எனப் பத்திரிகைகள் எள்ளின. அந்த எள்ளல் நியாயமற்றது. தகுதியுடைய எவரையும் அவர் காக்கவைக்கவில்லை. 1936 இல் தம்மை வீழ்த்திய ஜேர்மனியர் மாக்ஸ் ஷ்மெலிங்கை 1938 இல் மீண்டும் அழைத்து முதற் சுற்றிலேயே வீழ்த்தினார்.

எழுபதுகளை நான் முதலிடத்தில் வைப்பதும் இவ்வளவுகோலினாலேயே. அங்கு எல்லோரும் எல்லோருடனும் பொருதினர். 1971 இல் பிரேசியர் அலியை வென்றார்; 1973 ஜனவரியில் கிங்ஸ்ரனில் போர்மன் பிரேசியரை இரண்டு சுற்றுகளுள் ஆறு தடவை விழுத்தினார்; அவ்வாண்டு மார்ச்சில் கென் நோட்டன் அலியின் தாடையை உடைத்தார்; 1974 இல் நோட்டனைப் போர்மன் இரண்டே சுற்றில் முடித்தார்; அவ்வாண்டு ஒக்டோபரில் கின்ஷாசாவில் போர்மனை அலி எட்டாஞ் சுற்றிற் சாய்த்தார். மறு ஆண்டு மணிலாவில் அலியும் பிரேசியரும் பதினான்கு சுற்றுகள் ஒருவரையொருவர் சிதைத்தனர். அ ஆவை வென்றான், ஆ இயை வென்றான், ஆகவே அ இயை வெல்வான் என்னும் தருக்கத்துக்கு இங்கு இடமேயில்லை. என் கணித நண்பருக்கு இது மிகுந்த மனவருத்தத்தைத் தந்தது.

விதிகளும் மாறின. 1982 இல் கொரிய வீரர் கிம் டுக்-கூ பதினான்காஞ் சுற்றில் அடிபட்டு இறந்ததையடுத்து, பட்டப்போட்டிகள் பதினைந்து சுற்றிலிருந்து படிப்படியாகப் பன்னிரண்டாகக் குறைக்கப்பட்டன. மனிதாபிமானமுள்ள மாற்றம். எனினும் 1971 இல் பிரேசியரின் இடக்கை வளைகுத்து அலியைத் தரையில் வீழ்த்தியது பதினைந்தாஞ் சுற்றில் என்பதை நினைவிற் கொள்க.

இக்கால வீரரின் உடற்பருமனைக் காட்டி, பழையவர்கள் இவர்களுக்கு ஒரு கவளம் என்பாருமுளர். மார்சியானோவின் எடை ஏறத்தாழ 185 இறாத்தல். இன்று 200 இறாத்தலுக்குட்பட்டோர்க்கெனத் தனிப்பிரிவே உண்டு, அவர் அதிலேயே நிற்பார். இவ்வாதத்தைப் புறக்கணிக்க முடியாது. ஆனால் 1919 இல் டெம்ப்சி, தம்மினும் ஏறத்தாழ 60 இறாத்தல் கூடிய வில்லார்டை முதற் சுற்றிலேயே ஏழு தடவை விழுத்தினார். 2024 மே மாதம் ஒலெக்சாண்டர் உசிக், தம்மினும் 40 இறாத்தல் அளவிற் கூடிய டைசன் பியூரியைப் புள்ளிகளில் வென்றார். எடை ஓர் அனுகூலம், தீர்ப்பன்று.

இரு காலங்களை இணைக்கும் முதியோரை ஆதாரமாகக் கொள்வதிலும் கவனம் வேண்டும். 1988 இல் மைக் டைசன் 38 வயது லறி ஹோம்சை நான்கு சுற்றில் வீழ்த்தியது இளமையின் வெற்றியாகவும் இருக்கலாம். அதனாற் காலங்களைப்பற்றி எதுவும் உறுதியாவதில்லை. ஆனால் 1994 இல் 45 வயதுப் போர்மன், 26 வயதுச் சம்பியன் மைக்கல் மூரரைப் பத்தாஞ் சுற்றில் வீழ்த்தியமை பலமான சான்று. முதுமை தோற்றாற் பொருளில்லை, வென்றால் உண்டு.

இந்நூற்றாண்டின் முதற் பகுதியில் விற்றாலி, விளாடிமிர் என்னும் கிளிச்கோ சகோதரர்கள் இப்பிரிவை ஆண்டனர். அக்காலத்தின் சிறந்த இருவரும் அவர்களே எனலாம். ஒருவரோடொருவர் மோதுவதில்லையெனத் தாய்க்கு வாக்களித்திருந்தனர்; ஓய்வுபெறும்வரை அதனைக் காத்தனர். லாங்போர்டை மறித்த கதவுக்கும் இதற்கும் ஒப்புமை கூறுவது அநியாயம். அந்தத் தாயுடன் வாதிட எனக்கு விருப்பமுமில்லை. எனினும் என் பட்டியலில் அவர்களின் காலத்துக்கு நேரே உள்ள இடத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறேன்.